குருத்து முதல் கிழங்கு வரை: செட்டிநாட்டில் பனையின் முதலைத் தொடாமல் வட்டியை மட்டும் எடுப்பது எப்படி

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர் பக்கம் எந்தக் கண்மாய்க் கரையில் ஏறி நின்றாலும் பனை தெரியும். கல்யாண வீட்டுக் கொட்டானுக்கு (ஓலையில் முடையும் கூடை) குருத்தோலை, கோடைக்கு நுங்கு, காப்பிக்குக் கருப்பட்டி, பொங்கலுக்குக் கிழங்கு, கொட்டகைக்கு ஓலை, கட்டிலுக்கு நார் என்று ஒரே மரத்தின் ஒவ்வொரு உறுப்புக்கும் ஓர் ஆள் காத்திருக்கிறார். தமிழ்நாட்டின் மாநில மரமும் இதுதான். இருந்தும் ஊருக்கு ஊர் பனை குறைகிறது. சூளை விறகுக்கு வெட்டுவது ஒரு காரணம். கணக்கில்லாமல் பயன்படுத்துவது இன்னொரு காரணம். இந்த வழிகாட்டி இரண்டாவதைப் பற்றியது.

1992இல் ரியோவில் கையெழுத்துக்கு வந்த உயிரியல் பல்வகைமை உடன்படிக்கைக்கு மூன்று நோக்கங்கள்: உயிர் வளத்தைக் காப்பது, அது அழியாதபடி பயன்படுத்துவது, கிடைக்கும் பலனை நியாயமாகப் பகிர்வது. நடுவில் உள்ளதைச் செட்டிநாட்டில் விளக்கப் பெரிய சொற்கள் வேண்டாம். முதலைத் தொடாதே, வட்டியை எடு. வட்டிக் கடைப் பேரேடு எழுதிப் பழகிய மண்ணுக்கு இது புதிய பாடம் இல்லை. பனையில் எது முதல், எது வட்டி என்று பிரித்துப் பார்ப்பதில்தான் சிரமம். பனை மெதுவாக வளரும், மெதுவாகத்தான் நலிவையும் காட்டும். தப்பாக வெட்டியது வெளியே தெரிய மூன்று ஆண்டு ஆகும். அதனால் மரத்தைப் பார்த்து முடிவெடுக்க முடியாது, நோட்டைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும்.

மரத்தைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டியவை

பனைக்கு ஒரே ஒரு உயிர்முனை, உச்சியில். அது அழுகினாலோ அறுபட்டாலோ மரம் முடிந்தது. வேம்பு போல அடியில் துளிர்க்காது, வாழை போலப் பக்கக்கன்று விடாது. விதை ஒன்றே வழி.

ஆண்பனை வேறு, பெண்பனை வேறு. பூக்கும் வரை எது எது என்று சொல்ல முடியாது. பூக்கவோ 12 முதல் 15 ஆண்டு, வறண்ட செம்மண்ணில் அதற்கு மேலும் ஆகும். நுங்கு தராது என்று ஆண்பனையை முதலில் வெட்டுவது பரவலான பழக்கம். மகரந்தம் இருப்பது அதனிடம் மட்டுந்தான் என்பதை வெட்டுகிறவர் யோசிப்பதில்லை.

நன்றாக நிற்கும் மரத்தின் தலையில் 30 முதல் 40 ஓலை இருக்கும். மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு புது ஓலை வரும். இந்த இரண்டு எண்ணையும் சேர்த்து ஒரு கணக்குப் போடலாம். தலையில் 36 ஓலை, ஆண்டுக்கு 12 புது ஓலை என்றால் ஓர் ஓலை மூன்று ஆண்டு மரத்துக்காக உழைக்கிறது. அடி வரிசையில் தொங்கும் பழைய ஓலையை வெட்டினால் மரத்துக்குச் சில மாத உழைப்புதான் நஷ்டம். குருத்தை, அதாவது இன்னும் விரியாத ஓலையை, வெட்டினால் முழுசாக மூன்று ஆண்டு உழைப்பும் போகிறது.

ஆண்டுக்கு 3 குருத்து எடுக்கிறீர்கள் என்று வைப்போம். மீதி 9 ஓலைதான் விரியும். 9 பெருக்கல் 3, தலையில் 27 ஓலை நிற்கும். 6 குருத்து எடுத்தால் 18. 9 எடுத்தால் வெறும் 9. இந்த நிலைக்கு மரம் வந்து சேர மூன்று ஆண்டு ஆகும். முதல் ஆண்டில் ஒன்பது குருத்து வெட்டியவர் அடுத்த ஆண்டு வந்து பார்த்தால் தலை நிறைய ஓலை இருப்பது போலத்தான் தெரியும். ‘போன வருஷம் எடுத்தோமே, ஒன்றும் ஆகவில்லையே’ என்று மறுபடி ஒன்பது வெட்டுவார். மூன்றாம் ஆண்டு மரம் மொட்டையாக நிற்கும்போது மழை இல்லை என்பார்கள்.

இன்னொன்று. பாளை, அதாவது பூங்குலை, ஓலைக்கணுவில்தான் வரும். இன்று குருத்தை எடுத்த கணுவில் பின்னால் வரவேண்டிய பாளை நோஞ்சானாகிவிடும். ஆக, குருத்தும் நுங்கும் பதநீரும் ஒரே மரத்தில் ஒரே சமயத்தில் கேட்கக்கூடாதவை.

முதல் வேலை: எண்ணுவது

மாசியிலோ பங்குனியிலோ, கண்மாய் வற்றிக் கரை நடக்கத் தோதாக இருக்கும்போது தொடங்குங்கள். இரண்டு பேர், ஒரு நோட்டு, ஒரு டேப்பு, ஒரு டப்பா பெயின்ட் போதும். மரத்தில் அரிவாளால் கொத்தி எண் போடாதீர்கள். அந்தக் காயம் வண்டுக்கு வாசல். நெஞ்சு உயரத்தில் பெயின்டால் எண் எழுதுங்கள், கரையின் ஒரு முனையிலிருந்து வரிசையாக.

ஒவ்வொரு மரத்துக்கும் எழுத வேண்டியவை: எண், இடம் (எந்தக் கண்மாய், எந்த மடைக்குப் பக்கம்), யாருடையது (பட்டாவா, கண்மாய்ப் புறம்போக்கா, கோயில் நிலமா), ஆணா பெண்ணா வடலியா (இன்னும் பூக்காத இளம்பனை), பச்சை ஓலை எத்தனை, கூடு அல்லது பொந்து உண்டா. ஓலையை எண்ணக் கிட்டத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால் தலை சுற்றும். முப்பது நாற்பது அடி தள்ளி நின்று ஒரு பக்கம் தெரிவதை எண்ணி இரட்டிப்பாக்குங்கள். ஒன்றிரண்டு பிசகினால் பரவாயில்லை. ஒரே ஆள், ஒரே இடத்திலிருந்து, ஒவ்வோர் ஆண்டும் எண்ணினால் ஏறுகிறதா இறங்குகிறதா என்பது தெரிந்துவிடும்.

பீலியைத் தனியாக எண்ணுங்கள். பீலி என்பது முளைத்து ஒன்றிரண்டு நீட்டு இலையோடு தரையோடு தரையாக நிற்கும் கன்று. புல்லுக்குள் மறைந்திருக்கும். சீமைக் கருவேலம் அழிக்க வரும் பொக்லைன் முதலில் கொல்வது இதைத்தான், ஓட்டுநர் கண்ணுக்கு அது புல்தான். பீலி இருக்கும் இடத்தில் ஒரு குச்சி நட்டு வெள்ளைத் துணி கட்டி விடுங்கள்.

எந்த மரத்துக்கு என்ன வேலை

எண்ணிக்கை முடிந்த பிறகு மரங்களை வேலைப்படி பிரியுங்கள். நூறு மரம் உள்ள ஊருக்கு நாங்கள் சொல்லும் பங்கீடு இது.

விதை மரம்: பெண்பனையில் நல்ல காய்ப்பும் பெரிய பழமும் உள்ள பத்து. இவற்றில் நுங்கு வெட்டக்கூடாது, குருத்து எடுக்கக்கூடாது. பக்கத்திலேயே ஆண்பனை சில நிற்க வேண்டும்.

குருத்து மரம்: ஆண்பனையில் பாதியும், வளர்ந்த வடலிகளும்.

நுங்கு மரம்: விதை மரம் போக மீதிப் பெண்பனைகள். ஒவ்வொன்றிலும் இரண்டு குலையாவது பழுக்க விட்டுவிடுங்கள்.

பதநீர் மரம்: ஏறத் தெரிந்த ஆள் ஊரில் இருந்தால் மட்டும், மீதி ஆண்பனைகள்.

விட்ட மரம்: பொந்து உள்ளது, கூடு தொங்குவது, தலை போன மொட்டைப் பனை. இவற்றிடம் எதுவும் கேட்க வேண்டாம்.

குருத்து மரங்களை நான்கு பங்காக்கி, ஆண்டுக்கு ஒரு பங்குக்கு ஓய்வு கொடுங்கள். ஓய்வு ஆண்டில் ஒரு குருத்துகூட இல்லை. ‘கல்யாணம் வந்துவிட்டது, ஒரே ஒரு முறை’ என்ற பேச்சு ஒவ்வோர் ஆண்டும் வரும்.

குருத்து வெட்டும் முறை

அளவு: பெரிய மரத்தில் ஆண்டுக்கு 3, வடலியில் 2. வடலியில் விரிந்த ஓலை பத்துக்குக் குறைவாக இருந்தால் தொடவே வேண்டாம். கைக்கு எட்டுகிறது என்பதால் வடலியைத்தான் எல்லோரும் வெட்டுகிறார்கள். அடுத்த தலைமுறை மரம் அதுதான் என்பதால் அங்கேதான் அதிகக் கவனம் வேண்டும்.

காலம்: தை முதல் ஆனி வரை, வறண்ட நாளில். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வெட்டினால் வெட்டுவாயில் நீர் தேங்கிக் குருத்தழுகல் பிடிக்கும். அழுகல் உயிர்முனைக்கு இறங்கினால் நடுக்குருத்து வாடி, இழுத்தால் கையோடு வந்துவிடும், நாற்றம் அடிக்கும். அதன் பிறகு அந்த மரத்தைக் காப்பாற்ற முடியாது.

வெட்டு: உச்சியைப் பார்த்தால் விரியாத குருத்து ஒன்றுக்கு மேல் நிற்கும். உயரமான, வெளிப்பக்கத்தில் இருக்கும், விரியத் தயாரானதை எடுங்கள். உள்ளே குட்டையாக நிற்பது அடுத்த மாதத்துக்கானது, அதில் அரிவாள் படக்கூடாது. இடது கையால் குருத்தை வெளிப்பக்கம் சற்றே வளைத்துப் பிடித்து, ஓலை விசிறி மட்டையோடு சேரும் இடத்துக்குக் கீழே ஒரு சாண் மட்டை மரத்திலேயே நிற்கும்படி, ஒரே வெட்டில் சாய்வாக அறுங்கள். ஆழமாகப் போனால் இன்னும் நாலு விரல் நீள ஓலை கிடைக்கும் என்று ஆசைப்பட்டு உள்ளே கொத்துவதுதான் வடலி சாவதற்கு முதல் காரணம். அடுத்தடுத்து வரும் இரண்டு குருத்தை எடுக்காதீர்கள். ஒன்றை எடுத்தால் அதற்கு அடுத்து வருவது விரியட்டும்.

அரிவாள் கூராக இருக்க வேண்டும். மழுங்கிய அரிவாள் நாரைக் கிழிக்கும். கிழிந்த காயத்தின் வாசனைக்குச் சிவப்புக் கூன்வண்டு வந்து முட்டையிடும். காண்டாமிருக வண்டு காயம் இல்லாமலேயே குருத்தைத் துளைக்கும். அது துளைத்த குருத்து விரியும்போது ஓலை கத்தரித்த மாதிரி இருக்கும். தென்னைக்குச் சொல்லும் மருந்தே இதற்கும் பொருந்தும்: வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு கலந்து, மரத்துக்கு 150 கிராம், உள் மூன்று மட்டை இடுக்குகளில் போடுங்கள். வண்டின் புழு எருக்குழியில்தான் வளர்கிறது. பனை வரிசைக்குப் பக்கத்தில் எருக்குழி வேண்டாம்.

கொட்டானுக்கு எத்தனை குருத்து என்று முன்னரே கணக்கிடுவது

வெட்டிக் கொண்டு வந்துவிட்டு மீந்ததை எரிப்பதுதான் பெரிய விரயம். ஓர் ஓலையில் 60 முதல் 80 இதழ் இருக்கும். இரு ஓரத்திலும் உள்ளவை குட்டை, முடைய உதவாது. நல்லதாக 50 எடுத்துக் கொள்ளுங்கள்.

முதலில் ஒரே ஒரு கொட்டான் முடைந்து, எத்தனை இதழ் ஆனது என்று எண்ணுங்கள். 12 ஆனது என்று வைப்போம். 200 கொட்டானுக்கு 2,400. கறுத்தது, கிழிந்தது, சாயம் ஏறாதது என்று கால் பங்கு கூட்டினால் 3,000. ஐம்பதால் வகுத்தால் 60 குருத்து. மரத்துக்கு 3 என்றால் 20 மரம், ஓராண்டு முழுமைக்கும். உங்கள் நோட்டில் ஓய்வு போக 15 குருத்து மரம்தான் இருக்கிறது என்றால் அந்த ஆண்டு 150 கொட்டானுக்கு மேல் ஒப்புக்கொள்ளாதீர்கள். பக்கத்து ஊரில் ஓலை வாங்குவதானால் அங்கே எத்தனை மரத்தில் வெட்டினார்கள் என்று கேட்டு வாங்குங்கள்.

குருத்தைக் கொண்டு வந்ததும் இதழ் இதழாகப் பிரித்து, நடு ஈர்க்கைக் கத்தியால் உரித்தெடுத்து, வெயிலில் பரப்புங்கள். நல்ல வெயிலில் மூன்று நாலு நாளில் பச்சை வாடை போய் இளமஞ்சள் வெள்ளையாக வரும். மழையில் நனைந்தாலோ ஈரத்தோடு அடுக்கினாலோ கரும்புள்ளி விழும், அது எந்தச் சாயத்திலும் மறையாது. காய்ந்ததைச் சுருட்டி, காற்றோட்டமான, எலி ஏறாத இடத்தில் தொங்கவிடுங்கள். முடைய உட்காரும் முன் ஈரத்துணியில் சுற்றிக் கொஞ்ச நேரம் வைத்தால் மடக்கும் இடத்தில் உடையாது. உடைகிற ஓலைக்குப் பதிலாக இன்னொரு ஓலை எடுப்பதும் மரத்தில் இன்னொரு வெட்டுதான்.

சாயம் போடுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கொதித்த சாயத்தண்ணீரை வாய்க்காலில் ஊற்றாதீர்கள். செட்டிநாட்டில் வரத்துக்கால் எல்லாம் ஏதோ ஓர் ஊருணிக்குத்தான் போகிறது, ஊருணித் தண்ணீரைக் குடிக்கும் ஊர்கள் இன்னும் இருக்கின்றன. ஒரே நிறத்தை ஒரே நாளில் போட்டால் அதே தண்ணீரில் தூள் கூட்டி இரண்டு மூன்று ஈடு எடுக்கலாம். கடைசித் தண்ணீரைச் சிமென்ட் தொட்டியில் வற்றவிட்டு, அடியில் நிற்கும் மண்டியைத் தனியாகச் சேர்த்து வையுங்கள். மஞ்சள்தூள் சாயம் அழகாக ஏறும், வெயில் பட்டால் வெளுத்துவிடும். கோயிலுக்கும் வீட்டுக்குள் இருக்கும் கொட்டானுக்கும் அது போதும்.

நுங்கும் பதநீரும்

சித்திரை, வைகாசியில் நுங்கு. ஒரு காயில் பெரும்பாலும் மூன்று கண். குலையைக் கீழே போடாமல் கயிற்றில் கட்டி இறக்குங்கள். விழுந்து உடைவது நஷ்டம், கீழே பீலி நசுங்குவது அதைவிட நஷ்டம். முற்றிப் போனதாகத் தெரிந்தால் வெட்டாமல் விட்டுவிடுங்கள், ஆவணியில் பழமாகும். முற்றலை இறக்கிப் பார்த்துவிட்டுக் கரையில் வீசிவிட்டுப் போவதை ஒவ்வொரு கோடையிலும் காணலாம். அந்தக் காய் நுங்கும் ஆகாது, விதையும் ஆகாது.

பதநீர் இறக்குவது இராமநாதபுரம், தூத்துக்குடி அளவுக்கு இங்கே இல்லை. ஏறும் குடும்பம் உள்ள ஊர்கள் கவனிக்க வேண்டியவை சில. தை முதல் ஆனி வரை காலம். கடிப்பால் (இடுக்கி போன்ற கருவி) பாளையை நாள்தோறும் இடுக்கிப் பதப்படுத்தி, நுனியை மெல்லிசாகச் சீவி, உள்ளே சுண்ணாம்பு பூசிய கலயத்தைக் கட்ட வேண்டும். சுண்ணாம்பு குறைந்தால் புளித்துக் கள்ளாகும், அது சட்டப்படி தடை. கூடினால் கருப்பட்டி கறுத்துக் காறும். பெண்பனையில் பாளையைச் சீவினால் அந்தப் பாளையில் காய் இல்லை என்பது நினைவிருக்கட்டும். 8 முதல் 10 லிட்டர் பதநீர் காய்ச்சினால் ஒரு கிலோ அளவுக்குக் கருப்பட்டி. அத்தனை நீரையும் வற்ற வைக்க விறகு மிகுதியாகத் தேவை. அதற்கு வேம்பையும் நாட்டுக் கருவேலத்தையும் வெட்டினால் ஒரு மரத்தைக் காப்பாற்ற இன்னொன்றை அழித்த கதைதான். கண்மாயை அடைத்து நிற்கும் சீமைக் கருவேலமும், தானாக விழுந்த பனை மட்டையும் போதும். பொங்கி வழியாமல் இருக்க ஆமணக்கு விதையை நசுக்கிக் கொஞ்சம் போடுவது பழைய கைப்பழக்கம்.

பழமும் கிழங்கும்: இங்கேதான் முதல் கரைகிறது

ஆவணி, புரட்டாசியில் பழம் விழும். ஆயிரம் கொட்டையைக் கிழங்குப் பாத்தியில் போட்டால் ஆயிரம் பனையைச் சாப்பிடுகிறோம் என்று பொருள். சாப்பிடலாம், தப்பில்லை. ஆனால் பத்தில் ஒன்றை நடுவதற்கு ஒதுக்கிவிட்டுச் சாப்பிடுங்கள். அந்த ஒன்றை எப்போது ஒதுக்குவது என்பதில்தான் எல்லோரும் தவறுகிறார்கள். பாத்தி போட்டு மிஞ்சிய சொத்தையையும் சிறுத்ததையும் கரையில் விட்டெறிந்துவிட்டு ‘பனை நட்டோம்’ என்கிறார்கள். பழம் பொறுக்கிய அன்றே, விதை மரங்களின் அடியில் விழுந்ததில் கனமானவற்றை முதலில் பிரித்து வையுங்கள். மீதி பாத்திக்கு.

பாத்தி: பொடியான செம்மண்ணும் மணலும் கலந்து ஒன்றரை அடி உயர மேடாகக் குவியுங்கள். கட்டாந்தரையில் கிழங்கு இறங்காமல் முறுக்கிக் கொள்ளும், பிடுங்கும்போது பாதியில் ஒடியும். கொட்டைகளை ஒன்றையொன்று தொடும்படி பரப்பி இரண்டு மூன்று விரல் கனத்துக்கு மண் மூடுங்கள். மழை பொய்த்தால் வாரம் இரண்டு முறை நீர். மூன்று மாதம் முடிந்ததும் ஓரத்தில் ஒன்றைத் தோண்டிப் பாருங்கள். ஒடித்தால் ‘மளுக்’கென்று ஒடிய வேண்டும். உள்ளே பச்சை இலைமுனை நீண்டிருந்தால் நாளாகிவிட்டது, நார் கட்டிவிட்டது. அப்படிப்பட்டதை வேகவைத்துச் சக்கையைத் துப்புவதைவிட, மண்ணோடு பெயர்த்து உடனே கரையில் நட்டால் சில பிழைக்கும். வேர் அறுபடுவதால் எல்லாம் பிழைக்காது.

நடுவது: விதையைப் பையில் போட்டு வளர்க்காதீர்கள். பனை முளை முதலில் கீழ்நோக்கித்தான் போகும், கிழங்கு உருவாகி அதிலிருந்துதான் இலை மேலே வரும். பை அதற்குப் போதாது. நேராக நிலத்தில் ஊன்றுங்கள், ஐப்பசி மழைக்கு முன், பழம் விழுந்து மாதம் தாண்டாமல். கொட்டை காய்ந்து உலர்ந்துவிட்டால் முளைப்பு குறையும். அரை அடி ஆழம், பத்தடி இடைவெளி, குழிக்கு இரண்டு விதை. செம்புறாங்கல் மேலாக ஓடும் இடங்களில் அரை அடிக் குழி போதாது. கடப்பாரையால் இரண்டடி குத்தி, பொடிமண் நிரப்பி, அதன் மேல் விதையை வையுங்கள். இல்லாவிட்டால் முளை கல்லில் முட்டி நின்று போகும். நட்டதெல்லாம் மோசம் என்று சொல்லப்படும் பல கரைகளில் நடந்தது இதுதான்.

இடம்: கண்மாய்க் கரையின் வெளிச்சரிவு, ஊருணிக் கரை, வரப்பு. மடைக்கும் கலுங்குக்கும் பக்கம் வேண்டாம். நாளை மராமத்து வரும்போது அங்கேதான் இயந்திரம் இறங்கும். மேலே இலை தெரியப் பல மாதம் ஆகும். அதற்குள் யாரும் உழுதுவிடாமல் ஒரு கல்லில் சுண்ணாம்பு அடித்து வையுங்கள். மாடு கடிக்காமல் கருவேல முள் போடுங்கள். பங்குனியில் கரைப்புல்லுக்குத் தீ வைக்கும் பழக்கத்தை, குறைந்தது நட்ட இடத்திலாவது, நிறுத்த வேண்டும்.

மரத்தில் குடியிருப்பவர்களின் பங்கு

காய்ந்து தொங்கும் ஓலையைச் சீவிச் சுத்தமாக்கினால் மரம் அழகாக இருக்கும் என்று எண்ணிக் கூலி கொடுத்து வெட்டுகிறார்கள். அந்தக் காய்ந்த ஓலையின் அடிப்பக்கத்தில்தான் பனை உழவாரன் இறகையும் தன் எச்சிலையும் ஒட்டி உள்ளங்கைக்குள் அடங்கும் கூடு கட்டுகிறது. தூக்கணாங்குருவி பச்சை ஓலையிலிருந்து நார் கிழித்து, அதே மரத்தில் கூட்டைத் தொங்கவிடுகிறது. மொட்டைப் பனையின் பொந்தில் பனங்காடை, ஆந்தை. மரநாய் பழத்தைத் தின்ன வருகிறது. இந்த உழவாரன் நாள் முழுவதும் வானில் பூச்சி பிடிப்பது உங்கள் நெல்வயலுக்கு மேலேதான்.

செய்ய வேண்டியது சுலபம். காய்ந்த ஓலையை எடுப்பதானால் மூன்றில் ஒரு மரத்தை அப்படியே விடுங்கள். கீழே நின்று கால் மணி நேரம் பாருங்கள், குருவி உள்ளே போய் வந்தால் அந்த மரம் இந்தத் தடவை இல்லை. தூக்கணாங்கூடு தொங்கும் ஓலையைக் கூடு காலியான பிறகு வெட்டுங்கள். திருப்பத்தூர் பக்கம் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய ஊர்க்காரர்கள் வந்து தங்கும் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடியே வெடிப்பதில்லை. அவர்கள் விட்டுக்கொடுப்பதோடு ஒப்பிட்டால் நாம் விடுவது நாலு காய்ந்த ஓலை.

பனைக்கு அப்பால்

இதே கேள்வியை மற்றச் செடிகளிடமும் கேளுங்கள்: எடுப்பது எந்த உறுப்பு? ஆவாரம்பூ, வேப்பங்கொட்டை என்றால் செடி நிற்கிறது, பாதி பறித்துப் பாதி விடலாம். நன்னாரி என்றால் வேரைத்தான் எடுக்கிறோம். முழுக்கிழங்காகப் பிடுங்காமல் ஒரு பக்க வேரை மட்டும் வெட்டிக்கொண்டு, கொடியை மண்ணணைத்து, அந்த இடத்துக்கு இரண்டு மூன்று ஆண்டு போகாதீர்கள்.

நம் அடுப்படியில் இன்னொரு பொருள் இருக்கிறது: கல்பாசி. எண்ணெயில் போட்டதும் எழும் அந்த மணம் இல்லாமல் செட்டிநாட்டுக் குழம்பு இல்லை. ஆனால் அது இந்த மண்ணில் விளைவதில்லை. மலைக்காட்டு மரங்களின் பட்டையில் ஒட்டி, ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் வளரும் உயிர் அது. பயிரிட்டு எடுப்பதில்லை, சுரண்டித்தான் எடுக்கிறார்கள். வாங்கும்போது ஒரு கைப்பிடியைத் தாளில் கொட்டிப் பாருங்கள். அடியில் மரப்பட்டைத் துண்டு நிறைய ஒட்டியிருந்தால் பட்டையோடு பெயர்த்தது, அந்த இடத்தில் மறுபடி வர வெகுகாலம் ஆகும். பட்டையில்லாத சுத்தமான இதழாக வாங்குங்கள். நாலு பேர் குழம்புக்கு இரண்டு சிட்டிகை போதும். கூடினால் கசக்கவும் செய்யும்.

நோட்டை ஊர் நோட்டாக்குவது

ஒருவர் வீட்டு அலமாரியில் இருக்கும் நோட்டு அவரோடு போய்விடும். 2002ஆம் ஆண்டின் உயிரியல் பல்வகைமைச் சட்டம், 41ஆம் பிரிவில், உள்ளாட்சி ஒவ்வொன்றிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு அமைக்கச் சொல்கிறது. மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு தயாரிப்பது அந்தக் குழுவின் முக்கிய வேலை. உங்கள் பனைக் கணக்கை அந்தப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லி கிராம சபையில் எழுதிக் கொடுங்கள். ஊர்க்காரர்களும் நாட்டு வைத்தியர்களும் வழக்கம் போலப் பயன்படுத்துவதை அந்தச் சட்டம் தடுக்கவில்லை. வெளியிலிருந்து வியாபாரத்துக்கு எடுக்க வருகிறவர்களிடம் ஊர் பேசுவதற்கு அந்தப் பதிவேடு கையில் இருக்க வேண்டும்.

பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021இல் தமிழக அரசின் முதல் வேளாண் நிதிநிலை அறிக்கை அறிவித்தது. எண் போட்ட மரம், பதிவேட்டில் உள்ள மரம் என்றால் காணாமல் போனதும் தெரியும், கேட்கவும் முடியும். எண் இல்லாத மரத்தைப் பற்றி மனு எழுத உட்கார்ந்தால் எந்த மரம் என்பதற்கே பதில் இருக்காது.

புறம்போக்கு மரங்களில் யார் எதை எடுப்பது என்பதையும் அதே கூட்டத்தில் முடிவு செய்யுங்கள். முடைபவர்கள் பெரும்பாலும் பெண்கள், ஏறுபவர்கள் ஆண்கள், நுங்குக் குத்தகை எடுப்பவர் வேறு. மூவரும் இல்லாத கூட்டத்தில் எடுத்த முடிவு முதல் கோடையிலேயே உடையும். நுங்குக் குத்தகைச் சீட்டில் ‘மரத்துக்கு இரண்டு குலை விட வேண்டும், விதை மரத்தைத் தொடக்கூடாது’ என்ற வரி எழுத்தில் இருக்கட்டும்.

தை அறுவடை முடிந்ததும் ஐந்தொகை போடுவது போல ஒரு நாள் உட்கார்ந்து மூன்று எண்ணைப் பாருங்கள். குருத்து மரங்களின் சராசரி ஓலை எண்ணிக்கை 25க்குக் கீழே போயிருந்தால் அந்த ஆண்டு குருத்தைப் பாதியாகக் குறையுங்கள். பீலியும் வடலியும் சேர்ந்து பெரிய மரங்களின் எண்ணிக்கைக்குக் குறைவாக இருந்தால் கிழங்குப் பாத்தியைப் பாதியாக்கி, மீதிக் கொட்டையைக் கரைக்குக் கொண்டு போங்கள். செத்த மரம் ஒன்றுக்குப் பத்து விதை என்பதற்குக் குறைவாக ஊன்றியிருந்தால் வரும் ஆவணியில் பாத்தி போடும் முன்பே அந்தக் கடனை முடியுங்கள்.